ரோசி கலைக்காத வேசம்

எங்க பெரியப்பா பொம்பள வேசக்காரர். சேந்தமங்கலம் பக்கத்தில் இருக்கிற எங்கள் காலனியிலிருந்து கிளம்பும் கூத்து செட்டில் இருபது வருசத்துக்கு மேல் திரௌபதையும் அவர்தான், அல்லியும் அவர்தான், சந்திரமதியும் அவர்தான். ராசா வேசம் கட்டுகிற ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பெரியப்பா மாறவில்லை. பகலில் பண்ணையத்தில் அண்டை வெட்டுவார், மூட்டை தூக்குவார். ராத்திரியில் பாஞ்சால தேசத்து ராசகுமாரி.

கொல்லிமலை ஊர்களில் மாரியம்மன் நோம்பி வந்தால் செட்டு மேலே ஏறும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கூத்துப் பெட்டியைத் தலைமாத்தித் தலைமாத்திச் சுமந்துகொண்டு குறுக்குப் பாதையில் நடப்பார்கள். பஸ் சோளக்காட்டுக்கு ஏறுகிற 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பார்க்கிறபோது எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வருகிறது. எட்டு வயசில் ஒருதடவை நானும் அவர்களோடு ஏறினேன். பாதி மலைக்குமேல் பெட்டி ஒருத்தர் தலையில், நான் பெரியப்பா தோளில்.

அன்றைக்குத்தான் அவர் வேசம் கட்டுவதை முழுசாகப் பார்த்தேன். மூங்கில் தட்டி மறைவில் அரிக்கேன் விளக்கு. கையில் உடைந்த கண்ணாடித் துண்டு. தேங்காய் எண்ணெயில் அரிதாரத்தைக் குழைத்து முகத்தில் இழுக்க இழுக்க பெரியப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனார். கடைசியில் மையெழுதி நிமிர்ந்தபோது அங்கே இருந்தது வேற ஆள். நான் பயந்துபோய் அழுதேன். திரௌபதை பெரியப்பா குரலில், "நாந்தான் கண்ணு, அழுவாத" என்றாள்.

அதே வருசம் அடிவாரத்து ஊர் ஒன்றில் நடந்ததையும் சொல்ல வேண்டும். துகில் உரியும் காட்சியில் அந்த ஊர்ப் பெரிய வீட்டுப் பொம்பளைகள் திரௌபதைக்குக் கற்பூரம் காட்டினார்கள். வயசான ஒருத்தர் காலில் விழுந்தார். விடிந்து, பெரியப்பா வேசத்தைக் கலைத்து, எண்ணெய் தேய்த்து முகம் கழுவி வந்தார். எங்களுக்குச் சோறு போட்டது மாட்டுக் கொட்டாயில். தண்ணீர் கைக்குத்தான் ஊற்றினார்கள், உயரத் தூக்கி. ராத்திரி காலில் விழுந்த அதே ஆள் "டேய், சீக்கிரம் தின்னுட்டு எடத்தக் காலி பண்ணுங்கடா" என்றார்.

வழியில் பெரியப்பாவிடம் கேட்டேன், "ராத்திரி உன்னைக் கும்புட்டாங்களே?"

"வேசத்தக் கும்புட்டாங்க கண்ணு. விடிஞ்சா கலைச்சிருவோம்னு அவனுக்குத் தெரியும். அதனாலதான் கட்ட உடறான்."

இன்னொன்றும் கேட்டேன். "நானும் ஆடட்டுமா பெரியப்பா?" அதுவரைக்கும் சிரித்துக்கொண்டு வந்த மனுசன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "பொட்டப்புள்ள ஆடுனா அதைக் கூத்துன்னு சொல்லமாட்டாங்க. வேற பேரு வப்பாங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் எனக்கு அரை நூற்றாண்டு முந்தி, இந்த ரெண்டு பேச்சையும் மீறின ஒருத்தி இருந்தாள். பி.கே. ரோசி. மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி. பிறப்பில் புலையர். 2013இல் மலையாள இயக்குநர் கமல் எடுத்த 'செல்லுலாய்டு' படம் வந்த பிறகுதான் எனக்கு அவள் பேரே தெரியும். அந்தப் படம் முக்கியமாக டைரக்டர் ஜே.சி. டேனியலின் கதை. நான் அதில் ரோசியைத்தான் பார்த்தேன்.

ரோசி 1903இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவள் என்கிறார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ராஜம்மா. அப்பா சின்ன வயசிலேயே இறந்து போனார். புல்லறுத்துப் பிழைப்பு. அதற்கிடையில் காக்காரிசி நாடகம் என்கிற ஆட்டத்தில் சேர்ந்தாள். சிவனும் பார்வதியும் குறவன் குறத்தியாக, காக்கானும் காக்காத்தியுமாக, ஊர் ஊராக அலைகிற கதை அது. பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். நம்ம கூத்து மாதிரியே அதிலும் பெண் வேசத்தை ஆண்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு பெண்ணே வந்து நின்றாள். எங்க பெரியப்பா எனக்குக் கூடாதென்ற காரியத்தை அவள் 1920களில் செய்துவிட்டாள்.

டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். நாடார் சமூகத்தில் பிறந்த கிறிஸ்தவர். சொத்தை விற்று ஸ்டூடியோ கட்டி, தானே எழுதி, தானே எடுத்து, தானே கதாநாயகனாக நடித்த ஊமைப்படம் 'விகதகுமாரன்'. காணாமல்போன பிள்ளை என்று அர்த்தம். திருவிதாங்கூர்ப் பணக்கார வீட்டுப் பையனை இலங்கைக்குக் கடத்திக்கொண்டு போகிற கதை. கதாநாயகியாகப் போட வெளியூரிலிருந்து அழைத்துவந்த நடிகை சரிப்படவில்லை. உள்ளூரில் மேல்சாதிப் பெண்கள் யாரும் சினிமாவுக்கு வரமாட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் ரோசி போனாள். கட்டின வேசம் சரோஜினி என்கிற நாயர் வீட்டுப் பெண்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் 7-11-1928இல் வெளியானதாகப் பரவலாகச் சொல்கிறார்கள். 1930 என்று வாதாடுகிற ஆய்வாளர்களும் உண்டு. தொடங்கிவைக்க அழைக்கப்பட்ட பிரமுகர், அந்தப் பெண் உள்ளே இருந்தால் தான் வரமாட்டேன் என்று சொன்னார். தன் படத்தைப் பார்க்க வந்தவளை வெளியே நிறுத்தினார்கள். திரையில் கதாநாயகன் அவள் கூந்தலில் இருந்த பூவை முத்தமிடுகிற காட்சி வந்தபோது கூட்டம் கொதித்தது. திரை மேல் கல் விழுந்தது. பிறகு அவள் குடிசைக்குத் தீ வைத்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக, தெற்கே போகிற ஒரு லாரியில் ஏறித் தப்பித்தாள்.

ஒரு சினிமாவுக்கு ஏன் இத்தனை வெறி? இதைக் கேட்காமல் "ஐயோ பாவம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. தோழர்களே, அந்த நாட்டில் வேசம் என்பது கூத்துக்காரன் சமாச்சாரம் இல்லை. சாதியே ஒரு வேசம்தான். யார் எதை உடுத்தலாம், எதை உடுத்தக்கூடாது என்று ராச்சியமே எழுதி வைத்திருந்தது. நாடார் பெண்கள் மாரை மூடப் போராடி அடிபட்டு உதைபட்டு 1859இல் உத்தரவு வாங்கினார்கள். அந்த உத்தரவிலும் ஒரு கொக்கி: மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக்கூடாது! புலையர் பெண்கள் கழுத்தில் தங்கமோ வெள்ளியோ போடக்கூடாது, கல்லுமாலைதான் போட வேண்டும். பார்த்தவுடனே இன்னார் என்று தெரிய வேண்டாமா? 1915இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில், அய்யன்காளியின் அழைப்பில், அந்தக் கல்லுமாலைகளை அறுத்து எறிந்தார்கள். அப்போது ராஜம்மாவுக்குப் பன்னிரண்டு வயசு.

அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை வளர்ந்து, நாயர் பெண்ணின் முண்டும் நகையும் போட்டுக்கொண்டு காமிராவுக்கு முன்னால் நின்றாள். திருவிதாங்கூர்க் கோயில்கள் அவர்களுக்குத் திறந்தது 1936இல்தான். கோயிலுக்குள் போக முடியாத காலத்தில் ரோசி திரைக்குள் போய்விட்டாள்.

கூத்தில் நம்ம ஆள் ராசாவாகலாம். கிரீடம் வைக்கலாம், புஜக்கீர்த்தி கட்டலாம், ஊரே பார்க்க அதட்டலாம். ஏனென்றால் விடியும். விடிந்தால் அவனே தன் கையால் கழுவிவிடுவான். பெரியப்பா சொன்னது அதுதான். ஆனால் சினிமா விடியாது. பிலிமில் பதிந்த முகம் அழியாது. அடுத்த காட்சியிலும் அடுத்த ஊரிலும் அவள் சரோஜினிதான். மேல்சாதிக்காரி மாதிரி இருப்பதற்கு மேல்சாதியில் பிறக்கத் தேவையில்லை, ஒரு புடவையும் ஒரு பூவும் போதும் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துபோகும். கல் விழுந்தது அந்த உண்மை மேலேதான். ரோசியின் முகம் அதற்குக் குறுக்கே இருந்தது.

அழித்தும் விட்டார்கள். படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அவளுடையது என்று சுற்றிவருகிற ஒரே ஒரு புகைப்படம் நிஜமாக அவளுடையதுதானா என்பதிலும் சண்டை. நான் வேலை பார்த்த கொல்லிமலையில் எட்டுக்கை அம்மன் கோயில் இருக்கிறது. சங்கப் பாட்டில் வருகிற கொல்லிப்பாவை இவள்தான் என்று சனங்கள் சொல்வார்கள். கண்டவரைச் சிரித்து மயக்கிக் கொல்கிற பாவை. அசையும், சிரிக்கும், ஆனால் பெண்ணில்லை, உருவம். ரெண்டாயிரம் வருசமாக அந்த உருவத்தை யாரும் மறக்கவில்லை. நூறு வருசம்கூட ஆகாத ரோசிக்கு ஒரு துண்டு பிலிம் இல்லை. கற்பனைப் பெண்ணைப் பாட்டில் காப்பாற்றுகிற நாட்டில் உசுரோடு இருந்தவளைக் கல்லால் அடித்திருக்கிறார்கள்.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்த கதை. ரோசி ஏறின லாரி நாகர்கோவிலுக்கு வந்தது. நாகர்கோவிலும் அப்போது திருவிதாங்கூர்தான். தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956இல். லாரி ஓட்டின கேசவ பிள்ளையையே கல்யாணம் செய்துகொண்டாள். ராஜம்மாள் ஆனாள். சமைத்தாள், பிள்ளைகள் பெற்றாள், வளர்த்தாள், செத்தும் போனாள். பிள்ளைகள் அப்பா சாதியிலேயே வளர்ந்தார்கள். அம்மா ஒரு காலத்தில் சினிமாவில் நடித்தவள் என்பது அவர்களுக்கே சரியாகத் தெரியாது என்று தேடிப்போனவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். திரையில் கொஞ்ச நேரம் நாயர் பெண்ணாக இருந்ததற்கு வீட்டைக் கொளுத்தினார்கள். பிறகு ஆயுள் முழுக்க வீட்டில் அந்தச் சாதிக்காரன் பெண்டாட்டியாகவே இருந்தாள். ஒருத்தரும் கல்லெறியவில்லை. ஏனென்றால் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தெரிய நடித்தால் குற்றம். யாருக்கும் தெரியாமல் நடித்தால் குடும்பம். முதல் வேசத்தை அவள் விரும்பிக் கட்டினாள். ரெண்டாவது வேசத்தை உயிருக்காகக் கட்டினாள். அதைக் கலைக்கிறதுக்கு அவளுக்கு ஒரு விடியலும் வரவில்லை.

இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. நானும் அந்த ரெண்டாவது வேசத்தைக் கட்டினவள்.

ஆசிரியர் வேலை கிடைத்து முதலில் அடிவாரத்து டவுன் ஒன்றில் வாடகைக்கு வீடு தேடினேன். அஞ்சு வீடு பார்த்தேன். அஞ்சிலும் அதே கேள்வி. "நீங்க எந்த ஆளுங்க?" நாலு வீட்டில் உண்மையைச் சொன்னேன். ஒரு வீட்டில் சொந்தக்காரர் வருகிறார் என்றார்கள், ஒரு வீட்டில் வெள்ளையடிக்கணும் என்றார்கள், ரெண்டு வீட்டில் கதவே பேசியது. அஞ்சாவது வீட்டில் வேறொரு சாதியைச் சொன்னேன். அந்தம்மா உடனே சிரித்து, காப்பி கொடுத்து, பூசை அறையைக்கூடக் காட்டினார். மூன்று வருசம் அங்கே இருந்தேன். மூன்று வருசமும் பெரியப்பா என் வீட்டுக்கு வரவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவராகவே புரிந்துகொண்டார். ஒருதடவை பஸ் ஸ்டாண்டிலேயே வைத்து ஒரு மூட்டை நிலக்கடலையைக் கொடுத்துவிட்டு, "நல்லா கட்டியிருக்கற கண்ணு" என்றார். அது பாராட்டா, சாட்டையடியா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை. அவர் இப்போது இல்லை.

பிறகு மலைமேல் ஒரு அரசுப் பள்ளிக்கு மாற்றல். பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். மலையில் வாழ்வதால் அந்தப் பேர், கேரளத்துக்காரர்கள் என்று அர்த்தமில்லை. அங்கேயும் பழக்கம் விடவில்லை. யார் கேட்டாலும் "சேந்தமங்கலம் பக்கம்" என்பேன். சாதியைக் கேட்டால் ஊரைச் சொல்வது நம்ம படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த வித்தைதானே.

கொஞ்ச வருசத்துக்கு முந்தி ஆண்டு விழாவுக்கு நாடகம் போடச் சொன்னார்கள். எப்போதும் போடுவது வல்வில் ஓரி. இந்தத் தடவை நான் ரோசி கதையை அரைமணி நேரத்துக்கு எழுதினேன். 2023 பிப்ரவரி 10ஆம் தேதி கூகுள் முகப்பில் அவள் படம் வந்திருந்தது. பிள்ளைகளில் சிலர் போனில் பார்த்திருந்தார்கள். அது ஒரு பிடியாகக் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மிளகுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற வீட்டுப் பெண், ரோசியாக நடிக்க வந்தாள். நல்ல குரல், வாயைத் திறந்தால் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

ஒத்திகையில் ஒருநாள் அந்தப் பிள்ளை நிறுத்திவிட்டாள். லாரியில் ஏறுகிற காட்சி.

"டீச்சர், இந்தம்மா ஏன் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல? நாந்தான் ரோசின்னு?"

"பயம்மா. வீட்டையே கொளுத்திட்டாங்கல்ல."

"அப்புறம் பயம் போயிருக்குமே டீச்சர். வயசான பிறகாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்குள்ள வேசம் ஒட்டிக்கிச்சும்மா" என்றேன். சொன்னதும் எனக்கே தொண்டை அடைத்தது. பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "டீச்சர், நீங்க எந்த ஆளுங்க?"

அஞ்சு வீட்டு வாசலில் கேட்ட அதே கேள்வி. ஆனால் இது வாசலில் நிறுத்தி வைக்கிறதுக்காகக் கேட்ட கேள்வி இல்லை. "சேந்தமங்கலம் பக்கம்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கினேன். சொன்னேன். சாதிப் பேரையே சொன்னேன். எங்க பெரியப்பா இந்த மலையில் திரௌபதை கட்டினதையும், மாட்டுக் கொட்டாயில் சோறு தின்றதையும், நான் வாடகை வீட்டுக்குச் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னேன்.

வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு அந்தப் பிள்ளை சொன்னாள்: "எங்க அக்கா கீழ காலேஜுல படிக்குது டீச்சர். மலைன்னு சொன்னா காட்டாளுங்கன்னு சிரிக்கறாங்களாம். அதனால நாமக்கல்னுதான் சொல்லுமாம்." இன்னொரு பிள்ளை, "நானுந்தான்" என்றது. பின்னால் இருந்து ஒரு பையன், "எங்கப்பா சந்தைக்குப் போறப்ப வேட்டி மாத்திக்கும், மலைக்காரன்னு தெரியக்கூடாதுன்னு" என்றான். அன்றைக்கு ஒத்திகை நடக்கவில்லை. ஒவ்வொருத்தரும் தான் கட்டின வேசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும்.

நாடகம் நடந்தது. முடிவை மாற்றிவிட்டோம். வரலாற்றை மாற்றவில்லை, ரோசி லாரியில்தான் போனாள். ஆனால் கடைசியில் அந்தப் பிள்ளை வேசத்தோடேயே முன்னால் வந்து, ரோசியின் பேரைச் சொல்லி, பிறகு தன் பேரையும் தன் ஊர்ப் பேரையும் சத்தமாகச் சொன்னாள். நடித்த ஒவ்வொருத்தரும் அப்படியே. கடைசியாக எழுதின ஆளாக நானும் மேடையேறி, என் பேரையும் எங்கள் காலனி பேரையும் சொன்னேன்.

அதனால் ஊர் மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். எனக்குப் பால் ஊற்றுகிற அம்மா மறுநாளும் வந்தார், எப்போதும் போல உள்ளே வந்து உட்கார்ந்து பேசினார். நோம்பிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டில் அந்த வருசம் கூப்பிடவில்லை. கணக்கு அவ்வளவுதான். யாரும் கல்லெறியவில்லை. ரோசி வாங்கின கல்லுக்குப் பிறகு நமக்கு விழுவது சின்னச் சின்னதாக இருக்கிறது, அதையாவது ஒளியாமல் வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோசி பேரில் இப்போது மரியாதைகள் வருகின்றன. 2019இல் கேரளத்தில் சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு அவள் பேரில் திரைப்படச் சங்கம் தொடங்கியது. சென்னையில் 2023இல் நீலம் பண்பாட்டு மையம் அவள் பேரில் திரைப்பட விழா நடத்தியது. குன்னுக்குழி எஸ். மணி போன்றவர்கள் வருசக்கணக்காகத் தேடி எழுதாமல் இருந்தால் இந்தப் பேரே நமக்கு மிஞ்சியிருக்காது. சந்தோசம்தான். ஆனால் சிலைக்கும் விழாவுக்கும் அவளை முடித்துவைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ரோசியைப் பற்றி மேடையில் உருகிப் பேசிவிட்டு, வீட்டுக்காரம்மா கேட்டால் வேறு சாதியைச் சொல்கிற நம்மில் எத்தனை பேர்? சொல்ல வைக்கிற வாசற்படிகளை விட்டுவிட்டு, சொல்கிறவர்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நானும் மூன்று வருசம் அந்தக் காப்பியைக் குடித்தவள்.

அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்து மலையிறங்கியபோது என்னிடம் வந்தாள். கீழே மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது.

"டீச்சர், அந்தம்மா நடிச்ச படத்த எங்கியாவது பாக்க முடியுமா?"

"இல்லம்மா. ஒரு துண்டுகூட இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பரவால்ல டீச்சர். கீழ ஸ்கூல்லயும் நாடகம் போடுவாங்கல்ல, நான் நடிக்கறேன்" என்றாள். "அங்க எந்த ஊருன்னு கேப்பாங்க. கொல்லிமலைன்னே சொல்லிருவேன்."

பஸ் கிளம்பி முதல் வளைவில் திரும்புகிற வரைக்கும் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே போனாள்.